திருப்பிக் கட்டிய ஒயர்

பிக்கப்பின் இரண்டு ஒயர்களை மாற்றிப் பற்றவைப்பது எப்படி என்று சொல்லித்தர நான் வரவில்லை. அதை நீங்கள் போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். உங்களில் சிலர் என்னைவிடச் சுத்தமாகவே ஈயம் வைக்கிறீர்கள், அதையும் பார்த்தேன். கிட்டார் ரிப்பேர் கடையை மூடிவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனை வம்படியாகக் கூட்டிவந்து "எதாவது சொல்லுங்க சார்" என்கிறீர்கள். சொல்கிறேன். சிரிக்க வைக்கும் கதைகளும் என்னிடம் உண்டு, ஆனால் அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இது கொஞ்சம் மனசைக் கஷ்டப்படுத்தும்.

நேற்று வந்து சேர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. கிட்டாரில் கம்பிக்கு அடியில், அதன் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்ப, இரண்டு பிக்கப் இருக்கும். இரண்டும் ஒரே போக்கில் வேலை செய்தால் சத்தம் நிறைந்து வரும். ஒன்றில் ஒயரோ காந்தமோ திரும்பியிருந்தால் தனித்தனியாக வாசிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் போட்டவுடன் கனத்த அடிச்சத்தம் காணாமல் போய், மூக்கால் பேசுவதுபோல் மெலிந்துவிடும். ஊஞ்சலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்று ஒரே நேரத்தில் தள்ளினால் என்ன ஆகும்? அதேதான். ஃபேஸ் மாறியிருக்கிறது என்போம். ஒரு பிக்கப்பின் ஒயரைத் திருப்பிக் கட்டினால் சரியாகிவிடும்.

இதில் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பழைய பிக்கப்புகளில் மேலே இருக்கும் உலோக மூடி, உள்ளே ஒரு ஒயரோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைப் பிரிக்காமல் ஒயரை மட்டும் திருப்பினால், வாசிப்பவர் கை மூடியில் பட்டதும் உர்ரென்று இரையும். மூடியைத் தனியாகப் பிரித்து, அதற்கென்று வேறு ஒயர் விட்டு, அதன் பிறகுதான் திருப்ப வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. தெரியாமல் திருப்பியவன் யார், தெரிந்து திருப்பியவன் யார் என்று இந்த மூடியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இனி ஏழுமலை விஷயத்துக்கு வருகிறேன்.

என் கடை உழவர்கரையில் இருந்தபோது வந்த வேலையில் பாதி, கோயில் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி செய்யும் குழுக்களுடையது. அப்படி ஒரு குழுவை நடத்தியவர் தட்சிணாமூர்த்தி. அதில் கிட்டார் வாசித்தவர் ஏழுமலை. ஒரு ஆடி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஏழுமலையின் கிட்டார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். அன்று சாயங்காலம் அவர்களுக்கு அம்மன் கோயில் கச்சேரி இருந்தது.

"அண்ணே, இத இன்னான்னு பாருங்க. ரெண்டு பிக்கப்பையும் சேத்துப் போட்டா கொசு கத்துறாப்ல இருக்குது. அடியே இல்ல. சவுண்டு மிக்ஸர்காரன் தலைல அடிச்சுக்குறான்."

"ஏழுமலை எங்க?"

"சேதராப்பட்டுல, ஷிப்டு. அவனக் கேட்டா 'நல்லாத்தான கேக்குது'ன்றான். இன்னிக்கும் இப்பிடியே இருந்துச்சுன்னா நான் கீபோர்டுலயே கிட்டார் சவுண்ட வெச்சுக்குறேன்ணே. எனக்கும் ஒரு ஆள் மிச்சம்."

கோபத்தில் சொன்னாலும் அவர் சொன்னால் செய்கிறவர். ஏழுமலையை அவர் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அந்தக் கிட்டாருக்கு என்ன கோளாறு வந்தாலும் என் கடைக்குத்தான் வருவார். நான் வேலை செய்யும்போது மேசைக்குப் பக்கத்திலேயே நின்று கண் இமைக்காமல் பார்ப்பார். முதலியார்பேட்டை மில் குடும்பம். மில் மூடிய பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். இவர் சேதராப்பட்டில் தகடு அடிக்கும் பட்டறையில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். அங்கே அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை என்று ஒருமுறை சொன்னார். மேடையில் மட்டும் அவர் 'கிட்டார் ஏழுமலை'. அந்த இடம் போனால் அவருக்கு வேறு ஒன்றும் கிடையாது.

தட்சிணாமூர்த்தியை எதிரே இருந்த டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு, கிட்டாரைப் பிரித்தேன். ஒயர் திரும்பித்தான் இருந்தது. ஆனால் மூடி தனியாகப் பிரிக்கப்பட்டு, அதற்கு மெல்லிய ஒயர் ஒன்று விட்டு, அழகாக உறை போட்டு முடித்திருந்தது. மூடியைத் தொட்டேன், இரைச்சல் இல்லை. இது கோளாறே இல்லை. யாரோ உட்கார்ந்து, யோசித்து, வேண்டுமென்றே செய்த வேலை.

கையிலிருந்த பற்றவைக்கும் இரும்பைக் கீழே வைத்தேன். பிள்ளைகளே, அவசரமான நேரத்தில் நீங்கள் செய்யும் பெரிய வேலை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஏழுமலையின் நம்பருக்குப் போட்டேன். எடுத்தது அவர் மனைவி வசந்தி.

"அவுரு போன்ல பேச மாட்டாருண்ணே. போன வீட்லயே வெச்சுட்டுப் போயிடுறாரு. எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க, ஷிப்டு முடிஞ்சு வந்ததும் சொல்லிடுறேன்."

எப்போதிலிருந்து பேசுவதில்லை என்று கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டு, "வந்ததும் கடைக்கே அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார்.

காலை ஷிப்டு முடிந்து, பட்டறைச் சட்டையைக்கூட மாற்றாமல் ஏழுமலை வந்தார். திறந்து கிடந்த கிட்டாரைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இத யாரு பண்ணது?" என்று சாதாரணக் குரலில் கேட்டேன். பதில் இல்லை. திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து அதையே கேட்டேன்.

"நான்தாண்ணே. நீங்க பண்றதப் பாத்துத்தான் பண்ணேன்."

நான் முதுகைக் காட்டிக் கேட்டது அவர் காதில் விழவே இல்லை. நானும் மில் வீட்டுப் பிள்ளை. என் அப்பா தறிக்கூடத்தில் வேலை செய்து காது போனவர். எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. ஆண்களைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தட்டுவோம், எதிரே போய் நின்றுதான் பேசுவோம். அதை ஒரு வியாதி என்றே நாங்கள் நினைத்ததில்லை. தாடி மீசை நரைப்பதுபோல, ஆண்களுக்கு ஒரு வயதில் வருவது என்றுதான் எண்ணியிருந்தோம். அந்த வீடுகளில் ஒருவருக்குக் காது மங்கினால் அது மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் எல்லோரும் ஏற்கனவே கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏழுமலைக்கு இன்னும் தலைகூட நரைக்கவில்லை.

உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"ரெண்டு பிக்கப்பும் சரியா இருந்தா எனக்குக் கம்பளியப் போட்டு மூடுனாப்ல கேக்குதுண்ணே. என்னா வாசிக்கிறேன்னே தெரியல. ஒரு தடவ திருப்பிப் பாத்தேன். அப்பதான் கம்பி கேட்டுச்சு. எத்தினி நாளு கழிச்சு! வீட்ல ஒக்காந்து அழுதுட்டேன்."

சங்கதி புரிந்துவிட்டது. பட்டறைச் சத்தம் முதலில் தின்பது மேல்சத்தத்தை. அது போனபின் மிஞ்சியது பெரும்பாலும் அடிச்சத்தம், அதுவும் மந்தமாக. ஒயரைத் திருப்பியபோது அடிச்சத்தம் அடங்கி, அவருக்கு மிச்சமிருந்த கொஞ்சம் மேல்சத்தத்துக்கு வழி கிடைத்திருக்கிறது. நமக்குக் கோளாறாகக் கேட்டது அவருக்கு வைத்தியம்.

"தட்சணா அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. சரி பண்ண முடியலன்னு சொல்லுங்க. கம்பெனிக்கும் தெரியக் கூடாது. நாளைக்கே நிறுத்திடுவானுங்க."

டீக்கடையிலிருந்து தட்சிணாமூர்த்தி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரிசெய்தால் ஏழுமலைக்குக் கேட்காது. செய்யாவிட்டால் அன்றே இடம் போய்விடும். வேலை என்னவோ ஒயரை மாற்றுவதுதான், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். எந்தப் பக்கம் மாற்றுவது என்பதுதான் விளங்கவில்லை.

கடைசியில் இப்படிச் செய்தேன். பிக்கப்பை முறைப்படி திருப்பிக் கட்டினேன், ஏனென்றால் ஜனங்களுக்குப் போகும் சத்தம் ஒழுங்காக இருக்க வேண்டும். பிறகு கிட்டாரிலிருந்து வரும் சத்தத்தை இரண்டாகப் பிரிக்க ஒரு சின்னப் பெட்டி செய்தேன். ஒரு பங்கு மிக்ஸருக்கு. இன்னொரு பங்கு ஏழுமலையின் காலடியில் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு. அதில் மட்டும் அடிச்சத்தத்தை வெட்டி, மேல்சத்தத்தை ஏற்றிவைத்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். தட்சிணாமூர்த்தியிடம், "ஒயர் திரும்பியிருந்தது, சரி பண்ணிட்டேன்" என்றேன். அதில் பொய் இல்லை.

அவர்கள் போகும் முன் ஏழுமலையை நிறுத்தி, பக்கத்துக் கதிர்காமத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டச் சொன்னேன். "ஆடி முடியட்டும்ணே" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். முடியவில்லை.

ஆடி போய் வெகுநாள் கழித்து, தட்சிணாமூர்த்தி ஒரு மைக்கைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். ஏழுமலை எப்படி வாசிக்கிறார் என்று சும்மாதான் கேட்டேன். அவர் மைக்கை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒங்ககிட்டன்றதால சொல்றேண்ணே. ஒரு கோயில்ல, பாடுற பொண்ணுக்குத் தொண்ட சரியில்ல, அர சுருதி எறக்கிக்கலாம்ன்னுச்சு. கீபோர்டுக்காரன் எல்லாருக்கும் சொன்னான். இவன் ஜனங்களப் பாத்துக்குனு நின்னான், காதுலயே வாங்கல. பழைய சுருதிலயே வாசிக்கிறான். முன்னாடி ஒக்காந்துருந்த பசங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டானுங்க. மிக்ஸர்காரன் சடார்னு இவன் லைன மூடிட்டான், ஜனங்க ஸ்பீக்கருக்குப் போவாம."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, இவன் பாட்டுக்கு வாசிச்சுக்குனே இருந்தான். கால்கிட்ட தான் பெட்டி ஓடுதே, அவனுக்குக் கேக்குது. ஜனங்களுக்குக் கேக்கலன்னு அவனுக்குத் தெரியாது. அன்னிலேருந்து அவன் லைன தொறக்கறதே இல்லண்ணே."

நான் அவரையே பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஏண்ணே அப்பிடிப் பாக்குறீங்க? நிறுத்துன்னு அவன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. பேட்டா காசுல ஒரு பைசா கொறைக்கல. சந்தோஷமா வந்து நிக்கிறான், வாசிக்கிறான், போறான். நான் இன்னா பாவம் பண்ணேன், சொல்லுங்க."

அவர் பாவம் பண்ணவில்லை. இரக்கப்பட்டிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டி வெளியே அனுப்பியிருந்தால் ஏழுமலை திட்டுவாங்கிய மனிதராக வீட்டுக்குப் போயிருப்பார். இப்போது ஊர் ஊராக மேடையேறி, யாருக்கும் கேட்காத பாட்டை மனதார வாசித்துக்கொண்டிருந்தார். என் பெட்டி இல்லாமலிருந்தால் இந்த ஏற்பாடு ஒரு பாட்டுக்குக்கூடத் தாங்கியிருக்காது. அவருக்குக் கேட்கட்டும் என்று நான் போட்ட வழி, அவரை ஏமாற்ற வசதியாகப் போயிற்று.

சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் தவித்தேன். சந்தோஷமாக இருக்கிறவரின் சந்தோஷத்தைக் கெடுக்க நான் யார் என்று தோன்றும். உடனே, அது யாருடைய சந்தோஷம், அவருடையதா அல்லது அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்படும் எங்களுடையதா என்றும் தோன்றும். உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒருவருடைய லைனை மூட வேண்டிய நிலை வரலாம். அவருக்குத் தெரியாமல் மூடாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டைக்குப் போனேன். வீட்டில் டிவி தெரு முழுக்கக் கேட்கும்படி ஓடியது. என்னைப் பார்த்ததும் ஏழுமலை அதை நிறுத்திவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டார். வசந்தி அலமாரிப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக, அவருக்கு விளங்கும்படி சொன்னேன். அவர் என் உதட்டைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"எந்தக் கோயில்லேருந்து?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அதுக்கப்பறம் எவ்ளோ மேடை ஆச்சேண்ணே. வில்லியனூர்ல ஒரு பாட்டுல கிட்டார் பீசு வாசிச்சேன், கை தட்டுனாங்களே."

அது கீபோர்டுக்குத் தட்டியது என்று அவரே கண்டுபிடிக்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வசந்தி, அலமாரியிலிருந்து திரும்பாமலே, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"எனக்குத் தெரியும்ணே. வில்லியனூர்ல நான் கூட்டத்துலதான் ஒக்காந்துருந்தேன். இவரு கை ஓடுது, சத்தம் வரல. வீட்டுக்கு வந்து, எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டாரு. நல்லா இருந்துச்சுன்னேன். வேற இன்னாண்ணே சொல்றது?"

ஏழுமலைக்கு அது கேட்கவில்லை. ஆனால் என் முகம் போன போக்கை அவர் பார்த்துவிட்டார்.

"அவ இன்னா சொல்றா?"

காபி போடட்டுமா என்று கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் மிக்ஸர்காரனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. "அவங்களையே கேளுங்க" என்றேன். வசந்தி துணியை வைத்துவிட்டு வந்து, அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னார். அழுதுகொண்டே சொன்னதால் உதடு கோணிக்கொண்டது, அவருக்குப் பாதி விளங்கவில்லை. திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அதற்கு மேல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. தட்சிணாமூர்த்தியையும் திட்டவில்லை. குழுவிலிருந்து தானாக நின்றுகொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். காதுக்கு மெஷின் வந்தது. அது பேச்சுக்குப் பரவாயில்லை, பாட்டுக்கு உதவவில்லை. சாப்பாட்டுக்கு வழி வேண்டும் என்பதால் பட்டறையை விட முடியவில்லை. காதை அடைத்துக்கொண்டு போகிறார்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், கிட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். விற்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒயரத் திருப்பிக் கட்டிக் குடுங்கண்ணே. பழையபடி."

"சவுண்டு போயிடுமேப்பா."

"இனிமே யாருக்குண்ணே போகப் போவுது? நான்தான கேக்கப் போறேன்."

பிரித்தேன். நான் சரிசெய்த வேலையை நானே கலைத்து, மூடியை மறுபடியும் தனியாகப் பிரித்து, ஒயரைத் திருப்பி, அவர் முன்பு கட்டியிருந்தபடியே கட்டினேன். இந்தத் தொழிலில் நான் செய்தவற்றில் வேண்டுமென்றே கோளாறாகச் செய்த ஒரே வேலை அதுதான். அவ்வளவு கவனமாக வேறு எதையும் செய்ததும் இல்லை.

குட்டி ஸ்பீக்கரில் மாட்டி, சத்தத்தைக் குறைவாகவே வைத்து, இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டு அவர் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து என்னைப் பார்த்தார்.

"எப்பிடிண்ணே இருக்குது? நெசமா சொல்லுங்க."

"தகர டப்பாவத் தட்டுறாப்ல இருக்குது."

சிரித்துவிட்டார். அவர் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்றோ தெரியவில்லை.

"எனக்குக் கம்பி கேக்குதுண்ணே" என்றார்.

பிறகு ஒரு பாட்டை முழுதாக வாசித்தார். வாசிப்பில் ஒரு பிசகும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசைப் பக்கம் திரும்பி நின்று துடைத்துக்கொண்டிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்ததால் நான் திரும்பவில்லை.